மாரிக்குப்பத்தின் காலை ரயிலும் செயற்கை நுண்ணறிவும்

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று அடுத்தடுத்த நிலையங்களிலும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருக்கின்றனர். டிபன் பாக்ஸ், அலுவலக அடையாள அட்டை, தூக்கம் கலையாத கண்கள். பங்காருப்பேட்டையையும் மாலூரையும் கடந்து ஒயிட்ஃபீல்டை அடையும்போது பெட்டிகளில் இருந்து முதல் கூட்டம் இறங்குகிறது, கிருஷ்ணராஜபுரத்தில் அடுத்தது. எஞ்சியவர்கள் பெங்களூரு நகருக்குள் செல்கின்றனர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்று, அதே தொலைவை இரவில் திரும்பி வருவது ஆயிரக்கணக்கான கோலார் தங்கவயல் குடும்பங்களின் அன்றாடம்.

இவர்களுடைய தாத்தாக்கள் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர்கள். சுரங்கம் 2001-இல் மூடப்பட்ட பின்னர் இந்த ஊரைத் தாங்கி நிற்பது இந்த இருப்புப்பாதைதான் என்றால் மிகையாகாது. பாதையின் மறுமுனையில் உள்ள வேலைகளில் ஒரு பகுதி கட்டடப் பணி, காவல், தையல், கடை, வாகனம் ஓட்டுதல் ஆகியவை. மற்றொரு பகுதி, பட்டம் பெற்ற பிள்ளைகள் அமரும் நாற்காலிகள்: வாடிக்கையாளர் அழைப்பு மையம், தரவுப் பதிவு, பில் சரிபார்ப்பு, மென்பொருள் சோதனை, சம்பளப் பட்டியல் தயாரிப்பு. செயற்கை நுண்ணறிவு முதலில் கை வைப்பது இந்த இரண்டாவது பகுதியில்தான். ஒருமுறை பிழைப்பை முற்றாக இழந்து மீண்ட ஊர், மீண்டும் ஒருமுறை அதே கேள்வியை எதிர்கொள்கிறது. ஆகவே செயற்கை நுண்ணறிவும் வேலைவாய்ப்பும் என்ற பொருளை இவ்விதழில் எழுத முனைந்தபோது, பெங்களூருவின் கண்ணாடிக் கட்டடங்களை விட்டுவிட்டுத் தங்கவயலில் இருந்து தொடங்குவதே பொருத்தம் என்று கருதினோம்.

மின்சாரம் வந்தபோது

புதிய இயந்திரம் என்பது தங்கவயலுக்குப் புதிதன்று. ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் இங்கு வந்த பிறகு, சுரங்கத்தின் பாரம் தூக்கும் பொறிகளும் நீர் இறைக்கும் பொறிகளும் நீராவியால் இயங்கின. 1902 ஜூன் மாதத்தில், காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம் 147 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிகள் வழியே இங்கு வந்து சேர்ந்தது. உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்றாக அன்று அது எண்ணப்பட்டது. பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். அதாவது, அந்தக் காலத்தின் மிகப் புதிய தொழில்நுட்பம் தலைநகரை விட மூன்று ஆண்டு முந்தியே சுரங்க ஊருக்குக் கிடைத்தது.

ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தின் திறன் யாருக்குக் கிடைத்தது என்பது வேறு கதை. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளில் இருந்து வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர்கள் பாறையைத் துளைக்கவும், உடைந்த பாறையை அள்ளவும், மரம் முட்டுக்கொடுக்கவும் நிறுத்தப்பட்டனர். பொறி இயக்குவதும் மேற்பார்வை செய்வதும் நெடுங்காலம் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் கைகளிலேயே இருந்தன. வெகு பிற்காலத்தில்தான் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மின்பணியாளர்களாகவும் பிட்டர்களாகவும் ஆயினர். கருவி ஊருக்கு வந்துவிட்டாலே ஊர் முன்னேறிவிடும் என்ற எண்ணத்தைத் தங்கவயலின் வரலாறு ஆதரிப்பதில்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று பேசப்படும் பெருமிதங்களைக் கேட்கும்போது இந்த 1902-ஐ நினைத்துக்கொள்வது நல்லது.

எந்தத் திறன் ரயில் ஏறியது?

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் நடுவண் அரசிடம் சென்று, 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் மேல் கிடைத்த தங்கம், இறுதியில் சில கிராம்களாகக் குறைந்துபோனது. எடுக்கும் தங்கத்தின் விலை, அதை எடுக்கும் செலவுக்கு ஈடாகவில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு வேலை நின்றது. ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் உழைத்த இடத்தில் அன்று எஞ்சியிருந்தவர்கள் மூன்றாயிரத்துச் சொச்சம் பேர்.

இங்கு நம் சொந்த வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதே மாதங்களில், 2000 நவம்பர் முதல் 2001 மார்ச் வரை, நாட்டின் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் நடைமுறையில் இருந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் ஊழியர்கள் அதன்கீழ் வெளியேறினர். வங்கிகளில் கணினியை எந்த அளவுக்குக் கொண்டுவரலாம் என்று நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் முதன்முதலாக உடன்படிக்கை செய்துகொண்டது 1983-இல். பேரேடு எழுதியவர்கள் விசைப்பலகை பழகினர். கூட்டல் சரிபார்த்தவர்கள் கடன் விண்ணப்பம் பரிசீலிக்கக் கற்றனர். கணினி யாருடைய வேலையையும் பறிக்கவில்லை என்று வங்கித் துறையில் சொல்லிக்கொள்வது வழக்கம். அது பாதி உண்மை. இருந்தவர்களை அது வெளியே தள்ளவில்லை. ஆனால் அவர்கள் ஓய்வு பெற்ற இடங்கள் எல்லாம் நிரப்பப்படவும் இல்லை. இழப்பு, வேலையில் இருந்தவருக்கு நேரவில்லை. எழுத்தர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகனுக்கு நேர்ந்தது.

வங்கி ஊழியருக்குப் பதினேழு ஆண்டு முன்னறிவிப்பு இருந்தது. சுரங்கத் தொழிலாளிக்கும் ஒருவகையில் இருந்தது. தங்கத்தின் அளவு பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்ததை ஊரே அறியும். வேறுபாடு, அந்தக் காலத்தை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதில்தான். வங்கி ஊழியருக்கு வேலை நேரத்திலேயே பயிற்சி நடந்தது. சுரங்கத்தில் கடைசி நாள் வரை பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூடிய பிறகு எந்தத் திறன் வேறு ஊரில் விலைபோனது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வெடி வைப்பதற்கும் சுரங்க மேற்பார்வைக்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் வழங்கிய சான்றிதழ் உடையவர்களுக்கு வேறு சுரங்கங்களின் கதவுகள் திறந்தன. வெல்டர், பிட்டர், மின்பணியாளர் ஆகியோருக்கு எந்தத் தொழிற்பேட்டையிலும் இடம் இருந்தது. மேற்பாறையைக் கம்பியால் தட்டி, எழும் ஒலியை வைத்தே அது நிற்குமா விழுமா என்று சொல்லக்கூடிய மூத்த தொழிலாளிக்கோ, அந்த அறிவைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. உயிர்களைக் காத்த அறிவு அது. பெங்களூருவில் அவருக்குக் கிடைத்தது காவலாளி வேலை.

பள்ளிகள் மட்டும் நல்லவையாக இருந்தன. தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம், உருது என ஒரே தெருவில் பல மொழி பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு, அப்போது பெருகிக்கொண்டிருந்த பெங்களூரு நிறுவனங்கள் கைகொடுத்தன. சுரங்கம் மூடிய காலமும் தகவல் தொழில்நுட்பம் வளர்ந்த காலமும் ஒன்றாக அமைந்தது தங்கவயலின் நல்லூழ். இம்முறையும் அப்படியொன்று தானாக வந்து அமையும் என்று எண்ணியிருக்க முடியாது.

முதல் நாற்காலி

பன்னாட்டு நிதியம் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, உலக வேலைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு செயற்கை நுண்ணறிவின் தாக்கத்துக்கு உட்படக்கூடியவை. உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கையோ, 2030-க்குள் 9.2 கோடி வேலைகள் மறையும், 17 கோடி புதிதாகத் தோன்றும் என்கிறது. கணக்குப்படி உலகத்துக்கு லாபம்தான். ஆனால் மறையும் வேலை ஒயிட்ஃபீல்டிலும் தோன்றும் வேலை வேறொரு கண்டத்திலும் இருந்தால், உரிகத்தில் வசிக்கும் குடும்பத்துக்கு அந்த லாபத்தால் ஆவதென்ன? இத்தகைய பேரெண்களை வைத்து ஓர் ஊர் தன் நாளையைத் திட்டமிட முடியாது என்பதே நம் கருத்து.

சிறிய ஆய்வுகள் இரண்டு இதைவிடப் பயன்படுகின்றன. எரிக் பிரைன்யால்ஃப்சனும் அவருடைய குழுவினரும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு முதலாவது. உரையாடலின்போது பதில் எடுத்துக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இவர்களுக்குத் தரப்பட்டது. ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த குறைகளின் எண்ணிக்கை சராசரியாக 14 விழுக்காடு கூடியது. புதியவர்களுக்கு மட்டும் அது 34 விழுக்காடு. நெடுநாள் அனுபவசாலிகளுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. தேர்ந்தவரின் அனுபவத்தை இயந்திரம் உள்வாங்கி, நேற்று சேர்ந்தவரின் காதில் ஓதியது என்று சொல்லலாம்.

சிறிய ஊரில் இருந்து முதல் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இது நற்செய்திபோல் தோன்றும். அதே பிரைன்யால்ஃப்சன், வேறு இருவருடன் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவின் சம்பளப் பதிவேடுகளை ஆராய்ந்ததில், செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட 13 விழுக்காடு குறைந்திருந்தது. மூத்தவர்களின் இடம் அசையவில்லை. நச்சுவாயுவை முன்கூட்டி அறியச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லப்பட்ட சிறு பறவையின் பெயரை அந்த ஆய்வுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள். தங்கவயல் வாசகர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால், பறிபோவது தொழில் முழுவதும் அன்று. தொழிலுக்குள் நுழையும் முதல் நாற்காலி. நம் வங்கிக் கதையிலும் அதுதான் நடந்தது. இந்தியாவில் டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூலையில் தன் பணியாளர்களில் 2 விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரை, விடுவிக்கப்போவதாக அறிவித்தபோது பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருந்தவர்கள். செயற்கை நுண்ணறிவு அதற்குக் காரணமன்று, திறன் பொருந்தாமையே காரணம் என்று நிறுவனம் கூறியது. ஆகவே மூத்தவர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றும் சொல்வதற்கில்லை.

சேலம் வரை வந்த வேலை

ரயில் ஏறாமலே செய்யக்கூடிய வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு உண்டாக்காதா என்ற கேள்வி நியாயமானது. உண்டாக்கியிருக்கிறது. படத்தில் எது வாகனம், எது பாதசாரி என்று கோடிட்டுக் காட்டுவது, பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது, இயந்திரம் தந்த விடையைச் சரிபார்ப்பது ஆகிய பணிகள் மனிதர்களால் செய்யப்பட்டு இயந்திரத்துக்குப் பாடமாகின்றன. பெங்களூருவில் தலைமையகம் கொண்ட நெக்ஸ்ட்வெல்த் நிறுவனம் சேலத்திலும் நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரத்திலும் இத்தகைய மையங்களை நடத்துகிறது. பெங்களூருவின் கார்யா அமைப்பு, கர்நாடக ஊர்ப்புற மக்களின் கன்னடப் பேச்சைக் கைபேசி வழியே பதிவு செய்து அதற்கு நல்ல ஊதியம் வழங்கியது. நடுவண் அரசின் பாஷினி திட்டம் 2022 முதல் இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, குரல் கருவிகளை உருவாக்கி வருகிறது. பல மொழி கலந்து பேசும் தங்கவயலின் நாக்கு, இந்தச் சந்தையில் ஒரு சொத்து.

எனினும் இந்த வேலையை நிலையான பிழைப்பாக எண்ணுவதில் நமக்குத் தயக்கம் உண்டு. நேற்று மனிதர் கோடிட்ட படத்தை இன்று இயந்திரமே கோடிடுகிறது. இயந்திரத்துக்குக் கற்பிக்கும் வேலை, கற்பித்து முடிந்ததும் சுருங்கும் இயல்புடையது. கற்பித்தவருக்கு அதில் உரிமை என்ன என்பதும் தீர்க்கப்படாத வினா. 1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள், தங்கள் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற நிறுவனங்களின் உத்தரவை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். தம் உடலின் அடையாளம் பிறர் பதிவேட்டில் எதற்குப் பயன்படும் என்ற ஐயம் இந்த ஊருக்குப் பழையது.

கையும் கருவியும் சேரும் இடம்

நம்பிக்கை தருபவை, கணினித் திரைக்கு அப்பால் ஒரு பொருளைத் தொட்டுச் செய்ய வேண்டிய வேலைகள். 1960-களின் நடுவில் தொடங்கிய பெமல் ஆலை இன்றும் இங்கு மண் அள்ளும் பொறிகளையும் புல்டோசர்களையும் உருவாக்குகிறது. கோலார் மாவட்டத்து நரசாப்புராவில் ஹோண்டாவின் இருசக்கர வாகன ஆலையும், விஸ்ட்ரான் அமைத்துப் பின்னர் டாடா குழுமத்தின் கைக்கு வந்த ஐபோன் ஆலையும் இயங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ரியோ டின்டோ நிறுவனத்தின் சுரங்க லாரிகள் ஓட்டுநர் இன்றி ஓடுகின்றன. அவற்றை மேற்பார்வையிடுவோர் 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் பெர்த் நகரில் அமர்ந்திருக்கின்றனர். ஓட்டுநர் இல்லாத லாரிக்கும் உணரிகளைத் துடைத்துச் சீராக்கவும், ஹைட்ராலிக் குழாய் கசிந்தால் பொறியின் அடியில் படுத்துச் சரிசெய்யவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஸ்பேனரும் தெரிந்திருக்க வேண்டும், திரையில் ஓடும் எண்களும் புரிந்திருக்க வேண்டும்.

தங்கவயலுக்கே உரிய இன்னொன்று பாறை அறிவு. இங்கு ‘ஏர் பிளாஸ்ட்’ என்று அழைக்கப்பட்ட பாறை வெடிப்பு பல உயிர்களைக் குடித்தது. பாறையின் அதிர்வுகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவிகள் 1970-களின் இறுதியில் இங்கு நிறுவப்பட்டன. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தொடங்கப்பட்டதும் தங்கவயலில்தான். பதிவான அதிர்வு வெடியால் எழுந்ததா, பாறை நெகிழ்வதால் எழுந்ததா என்று பிரித்தறியும் பணியை இன்று உலகச் சுரங்கங்கள் பலவற்றில் இயந்திரக் கற்றல் செய்கிறது. அத்தகைய கருவிக்குத் தீனி, நீண்ட காலப் பதிவுகள். கம்பியால் தட்டிப் பார்த்த முதியவரின் அறிவு எழுதி வைக்கப்படவில்லை. கருவிகள் எழுதியவை உள்ளன. சுரங்கப் பாதுகாப்பிலும் சுரங்கப்பாதை அமைப்பதிலும் அவற்றைப் பயன்படுத்தும் படிப்பு இந்த ஊரிலேயே நடந்தால் பொருத்தமாக இருக்கும்.

சயனைடு மேடுகளும் இருக்கின்றன. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட மண், 13 குன்றுகளாக ஏறத்தாழ 3.3 கோடி டன் அளவுக்குக் குவிந்துள்ளது. காற்றடிக்கும் நாளில் வீட்டுப் பாத்திரங்களில் படிவது அந்தத் தூசிதான். அவற்றில் எஞ்சியுள்ள தங்கத்தை மீட்கும் நடுவண் அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்தது. பணி தொடங்கினால் பழைய சுரங்கம்போல் முப்பதாயிரம் பேருக்கு அங்கு இடம் இருக்காது. மாதிரி எடுப்போர், ஆய்வகப் பணியாளர், தொட்டிகளையும் பம்புகளையும் கண்காணிப்போர், நீரையும் தூசியையும் அளப்போர் எனத் தேவை சிலருக்கே இருக்கும். அந்தச் சிலர் வெளியூரில் இருந்து வருவார்களா, ஆண்டர்சன்பேட்டையில் இருந்தா என்பது இப்போது எந்தப் பிள்ளை எந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

கடனும் கவனமும்

வங்கியின் பங்கு இங்கு சிறியது, ஆனாலும் உண்டு. திறன் பயிற்சிக்கான கடன் வரம்பு 2024 ஜூலையில் 1.5 லட்சத்தில் இருந்து 7.5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளுக்கும் இக்கடன் கிடைக்கும் என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை. நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு மட்டுமே கல்விக்கடன் என்ற எண்ணம் இன்னும் வேரூன்றியிருக்கிறது.

வேலை தேடும் காலத்தில் ஏமாற்றுவோரும் பெருகுகின்றனர். ‘வீட்டிலிருந்தே தரவுப் பதிவு, முன்பணம் கட்டினால் போதும்’ என்னும் விளம்பரங்கள் ஒருபுறம். ‘உங்கள் வங்கிக் கணக்கைச் சில நாள் எங்களுக்குத் தாருங்கள், கமிஷன் தருகிறோம்’ என்னும் வலை மறுபுறம். திருட்டுப் பணம் கடத்த அப்படி வாடகைக்கு விடப்படும் கணக்குகளைக் கண்டுபிடிக்க, ரிசர்வ் வங்கியின் பெங்களூரு புத்தாக்க மையம் மியூல்ஹண்டர் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியுள்ளது. கணக்கை இரவல் கொடுத்த இளைஞர், தாம் குற்றவாளி அல்லர் என்று மெய்ப்பிக்க அலைய நேரிடும். கணக்கு முடங்கினால் சம்பளமும் முடங்கும்.

செயற்கை நுண்ணறிவின் பெயரைத் தாங்கிய பயிற்சி நிலையங்களும் இப்போது தெருவுக்கு ஒன்றாக முளைக்கின்றன. சில நல்லவை, சில பெயர்ப்பலகையை மட்டும் மாற்றியவை. கடனுக்காகக் கிளைக்கு வரும்போது கட்டண விவரத்துடன், அந்த நிலையத்தில் சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கு, என்ன வேலையில், எவ்வளவு ஊதியத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் கேட்டு வாங்கி வாருங்கள். தர மறுத்தால் அதையும் கடன் அதிகாரியிடம் தெரிவியுங்கள்.